ட்ரொட்ஸ்கியைக் கொன்றவன்: ஒரு மனிதன், நான்கு பெயர்கள்

ட்ரொட்ஸ்கியைக் கொன்றது யார் என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் "ஸ்டாலின்" என்று சொல்லிவிடுவார்கள். சரியான பதில்தான். உத்தரவு அங்கிருந்துதான் வந்தது. ஆனால் 1940 ஆகஸ்ட் 20 அன்று மெக்சிகோ நகரத்தின் ஓரத்தில் இருந்த ஒரு வீட்டுக்குள் போய், அறுபது வயது மனிதர் ஒருவரின் மண்டையில் கோடரியை இறக்கிய கை யாருடையது? இந்தக் கேள்விக்கு உறுதியான பதில் கிடைக்க மெக்சிகோவுக்குப் பத்து வருடம் ஆனது. இத்தனைக்கும் கொலையாளி எங்கும் ஓடிப்போகவில்லை. அந்த அறையிலேயே பிடிபட்டான். விசாரணை நடந்தது, தண்டனை கிடைத்தது, சிறையில் இருந்தான், டாக்டர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து அவனிடம் பேசினார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். தான் யார் என்பதை மட்டும் சொல்லவில்லை.

அவனுடைய உண்மைப் பெயர் ரமோன் மெர்காதெர். 1913-ல் பார்சிலோனாவில் பிறந்தவன். அப்பா பாவ் மெர்காதெர், துணி ஆலைக்கார வசதியான கத்தலான் குடும்பம். அம்மா கரிதாத் கியூபாவில் பிறந்தவர். இந்தக் கதையில் அம்மாவைத் தனியாகக் கவனிக்க வேண்டும். ஐந்து குழந்தைகள் பெற்றபின், கணவர் வீட்டின் பணக்கார வாழ்க்கை பிடிக்காமல் பார்சிலோனாவின் அராஜகவாதிகளோடு பழக ஆரம்பித்தார். கணவர் குடும்பம் அவரை மனநல மருத்துவமனையில் அடைத்தது. அங்கிருந்து வெளியே வந்ததும் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு பிரான்சுக்குப் போய்விட்டார். அங்கே வறுமை, தற்கொலை முயற்சி, அப்புறம் கம்யூனிஸ்ட் கட்சி. தன்னை அடைத்துவைத்த வர்க்கத்தின் மேல் அந்த அம்மாவுக்கு இருந்த கோபம் நியாயமானது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்தக் கோபம் மகனை எங்கே கொண்டுபோய் விட்டது என்பது வேறு விஷயம்.

ரமோன் ஓட்டல் தொழில் படித்தவன். பார்க்க அழகாக இருப்பான், பிரெஞ்சு சரளமாக வரும், நன்றாக உடுத்தத் தெரியும். 1935-ல் பார்சிலோனாவில் இளைஞர் கம்யூனிஸ்ட் வேலைக்காகக் கைதானான். போலீஸ் வழக்கம்போல கைரேகை எடுத்து, கோப்பில் போட்டு வைத்தது. 1936 தேர்தலில் மக்கள் முன்னணி ஜெயித்ததும் விடுதலையானான். அந்தக் கோப்பு மட்டும் அலமாரியிலேயே இருந்தது. அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பானிய உள்நாட்டுப் போர் வெடித்தது. ரமோன் போர்முனைக்குப் போனான். தம்பி பாப்லோ அந்தப் போரிலேயே செத்துப்போனான். கரிதாத்தும் துப்பாக்கியோடு போனவர்தான். அந்தச் சமயத்தில் ஸ்பெயினில் சோவியத் உளவுத்துறை ஆட்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் 'கோதவ்' என்ற பெயரில் சுற்றிய நாஹும் ஐட்டிங்கோன். அம்மாவையும் மகனையும் வேலைக்கு எடுத்தவர் அவர்தான்.

மாஸ்கோவில் 1939 மார்ச்சில் ஸ்டாலினும் பெரியாவும் பாவெல் சுதோப்லாதவ் என்ற அதிகாரியைக் கூப்பிட்டு ட்ரொட்ஸ்கியை ஒழிக்கும் வேலையை ஒப்படைத்தார்கள். இதைச் சுதோப்லாதவே பின்னாளில் தன் நினைவுக்குறிப்புகளில் எழுதினார். திட்டத்துக்கு வைத்த பெயர் 'வாத்து'. களத்தில் நடத்த ஐட்டிங்கோன். ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு குழுக்கள். ஒன்று, மெக்சிகோவின் பிரபல சுவரோவியர் தாவித் அல்ஃபாரோ சிக்கெய்ரோஸ் தலைமையில். அதன் சங்கேதப் பெயர் 'குதிரை'. இன்னொன்றுக்குப் பெயர் 'அம்மா'. யார் அந்த அம்மா என்று சொல்லத் தேவையில்லை.

இந்தத் தேதிக்கு முன்னாலேயே ரமோன் பாரிஸில் வேலையை ஆரம்பித்துவிட்டான். 1938 கோடையில் சில்வியா ஏஜ்லாஃப் என்ற அமெரிக்கப் பெண் பாரிஸுக்கு வந்தார். நியூயார்க் புரூக்ளின்காரர், ரஷ்யாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பம், உளவியல் படித்தவர், சமூகப் பணியாளர். ரஷ்ய மொழியும் பிரெஞ்சும் தெரியும். ட்ரொட்ஸ்கிய இயக்கத்தில் இருந்தார். அந்த செப்டம்பரில் பாரிஸுக்கு வெளியே நடந்த நான்காம் அகிலத்தின் தொடக்க மாநாட்டில் மொழிபெயர்ப்பாளராக உதவியவர். கூட வந்த தோழி ஒருத்தி அவரை 'ஜாக் மொர்னார்' என்ற பெல்ஜிய இளைஞனுக்கு அறிமுகம் செய்துவைத்தாள். தூதர் ஒருவரின் மகனாம், விளையாட்டுச் செய்திகள் எழுதுபவனாம், கையில் பணம் புரளுகிறது, அரசியலில் ஆர்வமே இல்லை. தோழியும் அவனும் ஒரே ஏற்பாட்டின் இரண்டு முனைகள் என்று சில்வியாவுக்கு எப்படித் தெரியும்?

சில்வியாவைப் பற்றி எழுதியவர்கள் பலர் ஒரு விஷயத்தைத் தவறாமல் சொல்கிறார்கள்: அவர் அழகாக இல்லை, அதனால் ஒரு அழகன் வந்ததும் ஏமாந்துவிட்டார் என்று. படிக்கப் படிக்க எரிச்சல்தான் வருகிறது. ஒரு நாட்டின் உளவுத்துறை, பணம், போலிப் பாஸ்போர்ட், பயிற்சி பெற்ற ஆள், இடைத்தரகர், இரண்டு வருட அவகாசம் எல்லாவற்றையும் கொட்டி ஒரு பெண்ணைச் சுற்றி ஒரு பொய் வாழ்க்கையைக் கட்டுகிறது. அந்தப் பெண் அதை நம்பியதற்கு அவருடைய முகம் காரணம் என்கிறார்கள். ட்ரொட்ஸ்கியின் காவலர்களும் அவரோடு இருந்த பழுத்த புரட்சிக்காரர்களும் அதே ஆளை நம்பித்தானே கதவைத் திறந்துவிட்டார்கள்? அவர்கள் முகத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை.

1939-ல் உலகப் போர் தொடங்கிய சமயத்தில் மொர்னார் நியூயார்க்குக்கு வந்தான். இப்போது கையில் இருந்தது 'ஃபிராங்க் ஜாக்சன்' என்ற பெயரில் ஒரு கனடா பாஸ்போர்ட். ஸ்பெயின் போரில் செத்துப்போன டோனி பாபிச் என்ற தன்னார்வலருடைய பாஸ்போர்ட் அது. பெயரையும் படத்தையும் மாற்றியிருந்தார்கள். ஜாக்சன் என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் வரும் 'கே' எழுத்தை விட்டுவிட்டார்கள். உலகத்தையே நடுங்கவைத்த உளவுத்துறைக்கு ஒரு சாதாரணப் பெயரில் எழுத்துப்பிழை! சில்வியா கேட்டபோது, பெல்ஜியத்தில் ராணுவச் சேவையிலிருந்து தப்பிக்கத்தான் போலிப் பெயர் என்றான். போர்க்காலத்தில் நம்பக்கூடிய காரணம்தான். அக்டோபரில் மெக்சிகோ போனான். 1940 ஜனவரியில் சில்வியாவும் அங்கே போய்ச் சேர்ந்தார்.

ட்ரொட்ஸ்கி 1937 ஜனவரியிலிருந்து மெக்சிகோவில் இருந்தார். முதலில் ஓவியர்கள் தியேகோ ரிவேராவும் ஃப்ரீடா காலோவும் கொடுத்த நீல வீட்டில். ரிவேராவோடு மனத்தாங்கல் வந்ததும் 1939-ல் அதே கொயோவாகான் பகுதியில் வியன்னா தெருவில் வேறு வீடு. சில்வியா அங்கே போகும்போதெல்லாம் ஜாக்சன் காரில் கொண்டுவந்து விட்டுவிட்டு வாசலிலேயே நிற்பான். உள்ளே வர ஆசை காட்டியதே கிடையாது. காவலர்களோடு பேச்சு, சிகரெட், சின்னச் சின்ன உதவி. இதுதான் அவன் செய்த சாமர்த்தியம். உள்ளே வரத் துடிக்கிறவன்மேல்தானே சந்தேகம் வரும்?

மே 24 விடியற்காலை 'குதிரை' பாய்ந்தது. போலீஸ் உடுப்பில் வந்த சிக்கெய்ரோஸின் ஆட்கள் வீட்டுக்குள் புகுந்து இருநூறுக்கும் மேல் குண்டுகள் சுட்டார்கள். ட்ரொட்ஸ்கியும் மனைவி நதாலியாவும் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் தரையோடு படுத்துத் தப்பினார்கள். பக்கத்து அறையில் இருந்த பேரன் காலில் ஒரு குண்டு உரசியது, அவ்வளவுதான். அன்றிரவு காவலில் இருந்த ராபர்ட் ஷெல்டன் ஹார்ட் என்ற அமெரிக்க இளைஞரை அவர்கள் கொண்டுபோய்விட்டார்கள். அடுத்த மாதம் பிணம் கிடைத்தது. வீட்டில் சுவர்களை உயர்த்தினார்கள், இரும்புக் கதவு போட்டார்கள், காவல் கோபுரம் கட்டினார்கள். நான்கு நாள் கழித்து, மே 28 அன்று, ட்ரொட்ஸ்கியின் பழைய நண்பர்களான ரோஸ்மேர் தம்பதியைத் துறைமுகத்துக்குக் காரில் கொண்டுபோக ஒருவன் வந்தான். அன்றுதான் ஜாக்சன் ட்ரொட்ஸ்கியை முதன்முதலில் சந்தித்தான். சுவரெல்லாம் வெளியிலிருந்து துப்பாக்கியோடு வருகிறவனுக்காக எழுப்பியது.

அதற்குப்பின் அவன் அந்த வீட்டுக்குள் போன தடவைகளைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம். ஆகஸ்ட் 17 அன்று ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன், திருத்தித் தாருங்கள் என்று வந்தான். அமெரிக்க ட்ரொட்ஸ்கியர்களுக்குள் நடந்த பிளவைப் பற்றிய கட்டுரை. எழுத்து படுமோசம். ட்ரொட்ஸ்கி படித்துக்கொண்டிருந்தபோது அவன் தொப்பியைக் கழற்றாமல் மேசை ஓரத்தில் ஏறி உட்கார்ந்திருந்தான். அவன் போனபின் ட்ரொட்ஸ்கி நதாலியாவிடம் அவனைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டார். பிரான்சில் வளர்ந்தவன் நடந்துகொள்கிற மாதிரியே இல்லை என்றார். சந்தேகத்தின் நுனியைத் தொட்டுவிட்டு விட்டுவிட்டார். மரியாதை தெரியாத இளைஞன் என்று தோன்றியதே தவிர, அது ஒத்திகை என்று தோன்றவில்லை.

ஆகஸ்ட் 20 மாலை ஐந்து மணிக்குப் பிறகு வந்தான். ட்ரொட்ஸ்கி முயல்களுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். நல்ல வெயில், ஆனால் கையில் மழைக்கோட்டு. நதாலியா ஏன் என்று கேட்டதற்கு, மழை வரலாம் என்றான். முகம் வெளிறிப் பச்சை நிறமாக இருந்தது. தேநீர் வேண்டாம், தண்ணீர் போதும் என்றான். கோட்டுக்குள் மூன்று ஆயுதங்கள்: ஒரு கைத்துப்பாக்கி, ஒரு குத்துவாள், பிடியை வெட்டிக் குட்டையாக்கிய ஒரு பனிக்கோடரி.

இடையில் ஒரு திருத்தம். தமிழில் பல இடங்களில் 'ஐஸ் உடைக்கும் ஊசி'யால் குத்தினான் என்று எழுதுகிறார்கள். ஆங்கிலத்திலும் இந்தக் குழப்பம் உண்டு. அது மலையேறுபவர்கள் பனிச்சரிவில் கொத்திப் பிடித்து ஏறப் பயன்படுத்தும் கோடரி. ஒரு பக்கம் கூர்மூக்கு, இன்னொரு பக்கம் தட்டையான வெட்டு. துப்பாக்கி இருக்கும்போது இதை ஏன் எடுத்தான்? சத்தம் வராமல் கொன்றுவிட்டு, வந்த வழியே வெளியே நடந்து போய்விடலாம் என்பதுதான் கணக்கு. ஒரு அடியில் ஆள் விழுந்துவிடுவான் என்று நினைத்தார்கள். பக்கத்துத் தெருவில் காரில் ஐட்டிங்கோனும் கரிதாத்தும் காத்திருந்தார்கள்.

ட்ரொட்ஸ்கி விழவில்லை. கோடரி மண்டைக்குள் சுமார் 7 சென்டிமீட்டர் இறங்கியபின்னும் எழுந்து அலறினார். கையில் கிடைத்ததையெல்லாம் தூக்கி எறிந்தார். அவனோடு மல்லுக்கட்டினார், கையைக் கடித்தார். அந்த அலறலைப் பற்றிப் போலீசிடம் அவனே விவரித்திருக்கிறான். முடிவே இல்லாமல் நீண்ட சத்தம் என்றான். காவலர்கள் ஓடிவந்து அடித்த அடியில் செத்திருப்பான். கொல்லாதீர்கள், அவன் பேச வேண்டும் என்று தடுத்தவர் ட்ரொட்ஸ்கிதான். அடி தாங்காமல் அவன் கதறியபோது, என் அம்மாவைச் சிறைபிடித்து வைத்திருக்கிறார்கள், என்னைச் செய்யவைத்தார்கள் என்றான். அம்மா அந்த நேரத்தில் கூப்பிடு தூரத்தில் காரில் உட்கார்ந்திருந்தார். களேபரம் கேட்டதும் கார் கிளம்பிப் போய்விட்டது.

மறுநாள் மாலை ட்ரொட்ஸ்கி இறந்தார். மாஸ்கோவின் 'பிராவ்தா' சர்வதேச உளவாளி ஒருவர் செத்தார் என்று செய்தி போட்டது. கொன்றது அவருடைய கூட்டத்து ஆளே என்றும் எழுதியது. நம் பக்கத்தில் இந்தச் செய்தி ஆழமாகத் தைத்தது இலங்கையில். லங்கா சமசமாஜக் கட்சி அப்போது ட்ரொட்ஸ்கி பக்கம் நின்ற கட்சி. அதன் தலைவர்கள் என்.எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன, கொல்வின் ஆர். டி சில்வா, எட்மண்ட் சமரக்கொடி நான்கு பேரும் போர் எதிர்ப்புக்காக அந்த ஜூனில்தான் பிரிட்டிஷ் அரசால் கைதாகியிருந்தார்கள். ஆக, ட்ரொட்ஸ்கி கொல்லப்பட்டபோது அவர்கள் சிறைக்குள். 1942-ல் சிறையிலிருந்து தப்பி இந்தியாவுக்கு வந்து தலைமறைவாக வேலை செய்தது தனிக்கதை.

கொலையாளியின் பையில் ஒரு கடிதம் இருந்தது. நான் ட்ரொட்ஸ்கியின் சீடன், என்னை ரஷ்யாவுக்கு அனுப்பி ஸ்டாலினைக் கொல்லச் சொன்னார், ஏமாற்றத்தில் கொன்றேன் என்கிற கதை. சில்வியாவைக் கல்யாணம் செய்வதையும் தடுத்தாராம். போலீஸ் சில்வியாவை அவன் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது. அவர் அவனைக் கொலைகாரன், பொய்யன் என்று கத்தினார். அவன் முகத்தை மறைத்துக்கொண்டான். உடந்தை என்று சில்வியாவையும் கைது செய்து சில மாதங்கள் வைத்திருந்து விட்டுவிட்டார்கள். பத்து வருடம் கழித்து அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று அவரைக் கூப்பிட்டு மறுபடி முழுக்கதையையும் சொல்லவைத்தது. மற்றபடி அவர் இதைப் பற்றி வெளியில் பேசாமலேயே வாழ்ந்து 1995-ல் இறந்தார். 55 வருடம்! ரமோனின் மௌனத்தைப் பற்றிப் புத்தகங்கள் இருக்கின்றன. இந்த மௌனமும் கணக்கில் வர வேண்டும்.

'மொர்னார்' சொன்ன வரலாறு சீக்கிரமே கிழிந்தது. தெஹ்ரானில் பிறந்தேன், அப்பா அங்கே பெல்ஜியத் தூதர் என்றான். மெக்சிகோவில் இருந்த பெல்ஜியப் பிரதிநிதி வந்து பேசிப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு தூதரும் இல்லை, இவன் பெல்ஜியக்காரனும் இல்லை என்று எழுதிக்கொடுத்தார். அவன் அசரவில்லை. நான் ஜாக் மொர்னார்தான் என்றான். அல்போன்சோ கிரோஸ் குவாரோன் என்ற குற்றவியல் மருத்துவரும் கோமெஸ் ரொப்லேதா என்பவரும் ஆறு மாதம் அவனைப் பரிசோதித்து 1,359 பக்கத்தில் அறிக்கை எழுதினார்கள். அதில் ஒரு விவரம்: கொடுத்த மௌசர் துப்பாக்கியை இருட்டில் பிரித்து, திரும்பக் கோத்து முடிக்க அவனுக்கு நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. விளையாட்டு நிருபர்! அறிக்கையின் மற்ற பாதி அம்மாமேல் பாசம், அப்பாமேல் வெறுப்பு, ட்ரொட்ஸ்கி அப்பாவின் நிழல் என்ற ஃபிராய்டிய விளக்கம். அந்தக் காலத்து மோஸ்தர். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் அவனுடைய பெயர், ஊர் எதுவும் தெரியாமலே அந்த மருத்துவர்கள் அம்மாவிடம் போய் நின்றார்கள் என்பது ஆச்சரியம்தான்.

1943 ஏப்ரலில் 20 வருடத் தண்டனை. லெகும்பெர்ரி சிறை, ஊர்க்காரர்கள் 'கறுப்பு மாளிகை' என்பார்கள். நடுவில் கோபுரம், அதிலிருந்து நட்சத்திரம் மாதிரி விரியும் கொட்டடி வரிசைகள். (1976-ல் சிறையை மூடிவிட்டார்கள். இன்றைக்கு அந்தக் கட்டடம்தான் மெக்சிகோவின் தேசிய ஆவணக் காப்பகம்.) அங்கே அவன் மின்சார வேலைப் பட்டறையை நடத்தினான். படிக்கத் தெரியாத கைதிகளுக்கு எழுத்தறிவு கற்றுக்கொடுத்தான். வெளியிலிருந்து பணம் வந்தது. ரொகேலியா மெண்டோசா என்ற பெண் பார்க்க வந்துகொண்டிருந்தார், பின்னர் அவனுடைய மனைவியானார்.

தப்பிக்கவைக்க முயற்சி நடக்காமல் இல்லை. அந்தக் காலத்து சோவியத் ரகசியத் தந்திகளை அமெரிக்கா பின்னாளில் உடைத்துப் படித்தபோது, அவனை 'குள்ளன்' என்ற சங்கேதப் பெயரில் வெளியே கொண்டுவரும் திட்டம் பற்றிய பேச்சு இருந்தது. நடுவில், கரிதாத் பொறுக்க முடியாமல் 1945-ல் தானே மெக்சிகோவுக்கு வந்துவிட்டார். மாஸ்கோவில் லெனின் விருது வாங்கியவர், மகனை மீட்க நேரில் கிளம்பினார். வந்ததால் ஊர் முழுக்கக் கசிந்தது, சிறையில் காவல் இறுகியது, திட்டம் செத்தது. மகனைச் சிறைக்கு அனுப்பியதிலும் அவர் பங்கு உண்டு, சிறையிலேயே இருக்கவைத்ததிலும் உண்டு.

இப்போது அந்த அலமாரிக் கோப்புக்கு வருவோம். மெக்சிகோவில் தஞ்சம் புகுந்த ஸ்பானியர்கள் சிலர் பத்திரிகைப் படத்தைப் பார்த்தே ஆளை அடையாளம் கண்டிருந்தார்கள். வதந்தி அளவில்தான் இருந்தது. 1950-ல் ஐரோப்பாவில் ஒரு மாநாட்டுக்குப் போன கிரோஸ் குவாரோன், கைதியின் கைரேகைகளையும் படங்களையும் எடுத்துக்கொண்டு மாட்ரிட் போனார். ஃபிராங்கோவின் போலீஸ் பழைய ஆவணங்களைத் தேடியது. 1935 பார்சிலோனா கைது, கைரேகை பொருந்தியது. பெயர்: ரமோன் மெர்காதெர் தெல் ரியோ. திரும்பி வந்து அவன் முன்னால் வைத்தபோது என்ன சொன்னான் தெரியுமா? நான் ஜாக் மொர்னார். அதற்குப் பிறகும் பத்து வருடம் அதே பதில்தான்.

இந்த மௌனத்தை வீரம் என்று கொண்டாடுகிறவர்கள் உண்டு. கொள்கைக்காக 20 வருடம் வாய் திறக்காத சிப்பாய் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால், அவனை அனுப்பிய ஆட்கள் எங்கே கை வைப்பார்கள் என்று அவனைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? அம்மா அவர்கள் கையில். ஹார்ட்டின் பிணம் கிடைத்த கதையும் தெரியும். பேசாமல் இருந்தவரைக்கும் அவனுக்குப் பணம், பாதுகாப்பு, ஒரு நாள் வீடு திரும்பலாம் என்ற வாக்குறுதி எல்லாம் இருந்தன. கொள்கை இல்லை என்று சொல்லவில்லை. கொள்கையும் பயமும் அம்மாவும் ஒரே முடிச்சில் கிடந்தன. அவன் எந்த இழையைப் பிடித்துக்கொண்டான் என்று பிரித்துப் பேசுவது நமக்குச் சுலபம்.

சிக்கெய்ரோஸ் கதை இதற்கு நேர் எதிர். இருநூறு குண்டு சுட்டவரைக் கைது செய்து ஜாமீனில் விட்டார்கள். மெக்சிகோவில் சிலியின் தூதரக அதிகாரியாக இருந்த கவிஞர் பாப்லோ நெருதா விசா கொடுக்க, அவர் சிலிக்குப் போய்ச் சுவரோவியம் தீட்டினார். அதே சிக்கெய்ரோஸ் 1960 ஆகஸ்டில் வேறொரு அரசியல் வழக்கில் லெகும்பெர்ரிக்குள் போனார். ரமோன் வெளியே போய் மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

1960 மே 6 அன்று விடுதலை. கையில் செக்கோஸ்லோவாகியப் பயணப் பத்திரம், ஹவானாவுக்கு விமானம், அங்கிருந்து சோவியத் ஒன்றியம். அந்த மாதக் கடைசியிலேயே 'சோவியத் ஒன்றியத்தின் வீரர்' பட்டம் அறிவித்தார்கள். அந்த நாட்டின் மிக உயர்ந்த பட்டம். பதக்கத்தைக் கொடுத்தவர் கேஜிபி தலைவர் ஷெலேபின். எல்லாம் ரகசியம். பட்டம் போன பெயர் ரமோன் இவானோவிச் லோப்பஸ். நான்காவது பெயர்.

அவன் போய் இறங்கிய மாஸ்கோ, அவனை அனுப்பிய மாஸ்கோ இல்லை. ஸ்டாலின் செத்து ஏழு வருடம் ஆகியிருந்தது, குருஷ்சேவ் ஸ்டாலினின் குற்றங்களைக் கட்சிக்குள் போட்டு உடைத்திருந்தார். பெரியாவைச் சுட்டுவிட்டார்கள். அவனுக்கு வேலை கொடுத்த ஐட்டிங்கோனும், திட்டத்தையே நடத்திய சுதோப்லாதவும் பெரியாவின் ஆட்கள் என்று சிறையில் இருந்தார்கள். கோடரி பிடித்தவனுக்குத் தங்க நட்சத்திரம், கோடரியைக் கையில் கொடுத்தவர்களுக்குச் சிறைக்கொட்டடி, ஒரே அரசிடமிருந்து, ஒரே சமயத்தில். ரமோனும் ஸ்பானியக் கம்யூனிஸ்ட் தலைவர் தொலோரெஸ் இபாருரியும் அவர்களை விடுவிக்கச் சொல்லி மனுக் கொடுத்தார்கள். ஐட்டிங்கோன் 1964-லும் சுதோப்லாதவ் 1968-லும் வெளியே வந்தார்கள்.

ரமோனுக்கு மாஸ்கோவில் வீடு, ஓய்வூதியம், மார்க்சிய-லெனினிய நிறுவனத்தில் ஸ்பானிய உள்நாட்டுப் போர் வரலாறு எழுதும் குழுவில் வேலை. ரொகேலியாவும் அவனும் இரண்டு ஸ்பானியக் குழந்தைகளைத் தத்தெடுத்தார்கள். தன் இளமையின் போரைப் பற்றி எழுதும் வரலாற்றுக் குழுவில் வேறொருவர் பெயரில் உட்கார்ந்திருந்தான். மாஸ்கோக் குளிர் அந்தக் குடும்பத்துக்கு ஒத்துவரவில்லை. 1970-களின் நடுவில் ஹவானாவுக்குக் குடிபோனார்கள். கரிதாத் 1975-ல் பாரிஸில் இறந்தார். 1978 அக்டோபர் 18 அன்று ஹவானாவில் புற்றுநோயில் ரமோன் இறந்தான். கியூப எழுத்தாளர் லியோனார்தோ பாதுரா 2009-ல் 'நாய்களை நேசித்த மனிதன்' என்று ஒரு நாவல் எழுதியபின்தான் இந்தக் கடைசிக் காலத்தைப் பற்றி உலகம் நிறையப் பேச ஆரம்பித்தது.

அஸ்தியை மாஸ்கோ கொண்டுபோய் குன்ட்செவோ கல்லறைத் தோட்டத்தில் வைத்தார்கள். கல்லில் 'லோப்பஸ், ரமோன் இவானோவிச்' என்று பொறித்தார்கள்.

கோடரி பல வருடம் காணாமல் போயிருந்தது. 2005-ல் மெக்சிகோவின் பழைய ரகசியப் போலீஸ் அதிகாரி ஒருவரின் மகள், அது தன்னிடம் இருப்பதாகச் சொன்னார். உண்மையானதுதானா என்று பார்க்க ட்ரொட்ஸ்கி வீட்டு அருங்காட்சியகத்தில் இருக்கும் உடைகளோடு ரத்தத்தை ஒப்பிட்டுச் சோதிக்க வேண்டும். அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் பேரன் எஸ்தெபான் வோல்கோவ், அன்று காலில் குண்டு உரசிய அதே பையன். கோடரியை அருங்காட்சியகத்துக்கே கொடுப்பதாக இருந்தால் சோதனைக்குச் சம்மதம் என்றார். அந்தப் பெண் மறுத்துவிட்டார். பிறகு அமெரிக்கச் சேகரிப்பாளர் ஒருவர் அதை வாங்கினார். இப்போது வாஷிங்டன் உளவு அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. வோல்கோவ் 2023-ல், 97 வயதில், மெக்சிகோவில் இறந்தார்.